இடது காலுக்கு வேலை இல்லை

என் மகன் வானமாமலைக்கு இரண்டு செருப்பும் ஒன்றுபோலத் தேய்ந்ததே கிடையாது. இடதுதான் முதலில் போகும். குதிகால் பக்கம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். முன்பாதம் படுகிற இடம் மட்டும் மெலிந்து மெலிந்து, கடைசியில் தரை தெரியும். வலது செருப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைத் தூக்கிப்போட நான் விடமாட்டேன். அப்படிச் சேர்ந்த வலது செருப்புகள் எங்கள் வீட்டு ஏணிக்கு அடியில் ஒரு கோணிப்பை நிறையக் கிடக்கின்றன. மருமகள் பிரேமலதாவுக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. "ஒத்தக்கால் ஆளு எவனாவது வந்தா குடுக்கலாம்னு வச்சிருக்கியளா அத்த?" என்பாள். நன்றாக இருக்கிற பொருளை எறிய எனக்குக் கை வராது. வராது என்றால் வராது.

செருப்பு அப்படித் தேய்ந்ததற்குக் காரணம் கிளட்ச். வண்டி ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன், நானும் ஓட்டாதவள்தான். கியர் வண்டியில் கீழே மூன்று மிதி இருக்கும். வலது காலுக்கு இரண்டு: ஓட ஒன்று, நிற்க ஒன்று. இடது காலுக்கு ஒன்று, அதுதான் கிளட்ச். கியர் மாற்றும்போதெல்லாம் அதை அடிவரைக்கும் மிதித்து, பிறகு மெல்ல விட வேண்டும். நீளமான ரோட்டில் எப்போதாவது மிதித்தால் போதும். பம்பாயில் வண்டி எங்கே ஓடுகிறது, நகர்கிறது. நிற்க ஒரு மிதி, நகர ஒரு மிதி. செம்பூரிலிருந்து ஃபோர்ட் பக்கம் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கால் எத்தனை தடவை இறங்கி ஏறுகிறது என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

மீசை சரியாக முளைக்காத வயதில் காலி-பீலி என்கிற கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் ஏறியவன் அவன். அதற்கப்புறம் டெம்போ. அதற்கப்புறம் செம்பூரில் ஒரு பில்டரின் கார். முப்பது வருஷம் அந்த ஒரு கால் மிதித்தது. இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. முட்டி அதற்கு முன்பே நரைத்துவிட்டது.

எங்கள் கோலி, கோலி என்றால் இங்கே வீடு, தாராவியில்; தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே வர வேண்டும். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. முதலில் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினான். பிறகு இறங்கும்போது பின்பக்கமாக, குழந்தைகள் இறங்குவதுபோல இறங்கினான். பிறகு ஏறுவதையே விட்டுவிட்டு என் பக்கத்தில் பாயை விரித்தான். மனைவி மேலே, அவன் கீழே. சயான் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் செய்துகொள், இல்லாவிட்டால் கிளட்ச் மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் படுக்கை. படுத்தால் அடுப்பு யார் பேரில் எரியும்? பில்டரிடம் கொஞ்ச நாள் சும்மா இருக்கிறேன் என்று கேட்டான். சும்மாவே இருந்துகொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அப்துல் வாஹித் வந்து மாட்டுங்கா வேலையைப் பற்றிச் சொன்னான். வாஹித் எங்கள் சந்தில் பிறந்து என் மகனோடு வளர்ந்தவன், மேலப்பாளையத்துக் குடும்பம். வடாலாவில் காரேஜ் வைத்திருக்கிறான். அங்கே சர்வீசுக்கு வரும் ஒரு வீட்டில் டிரைவர் தேடுகிறார்கள், வண்டி ஆட்டோமேட்டிக், கிளட்சே கிடையாது என்றான். கிளட்சே கிடையாது என்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

டீக்கடையில் டிரைவர்கள் கும்பிடவில்லை. டெம்போ ஓட்டும் மாரிக்கண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஆட்டோமேட்டிக்கா மச்சான்? அதுக்கு டிரைவர் எதுக்கு? ஒரு வாட்ச்மேன உக்கார வச்சா போதாதா?"

"ஓட்டிப் பாத்துட்டு சொல்லுதேன்" என்றான் என் மகன்.

"என்னத்த ஓட்ட? கியரும் கெடையாது, கிளட்சும் கெடையாது. லிஃப்ட்ல பட்டன் அமுக்குத மாதிரி. லைசென்ஸ திருப்பிக் குடுத்துட்டு போயி உக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சேர்ந்து சிரித்தான். இவனும் ஒரு காலத்தில் இதையே பேசியவன்தான். கியர் கையில் இல்லாவிட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது என்பான். நான் பால் பாக்கெட் வாங்கப் போனவள், வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். வரவில்லை.

"ஏலே மாரிக்கண்ணா, கிளட்ச் மிதிக்கதுதான் ஆம்பளத்தனம்னா, இன்னைலேருந்து அந்த முட்டிக்கு நீ வந்து எண்ண தடவு. நான் செத்த நேரம் ஒறங்குதேன்" என்றேன்.

"ஐயோ ஆத்தா, மாஃப் கரோ!" என்று அவன் டீ கிளாசைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

வேலைக்குப் போவதற்கு முன் பழகிக்கொள்ளட்டும் என்று, விற்பனைக்கு வந்து நின்ற ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரில் வாஹித் இவனை வடாலா ட்ரக் டெர்மினல் பக்கம் கூட்டிப்போனான். ஞாயிற்றுக்கிழமை காலை. அகலமான ரோடு, ஆள் இல்லை, மேலே மோனோரயில். என்ன நடந்தது என்பதை வாஹித் எங்கள் அறையில் நின்று நடித்தே காட்டினான்.

"பெரியம்மா, ஒம்ம மவன் என்னைய கண்ணாடி வழியா வெளிய அனுப்பப் பாத்தான். ரோட்டுல ஒரு நாயி படுத்திருந்துச்சு. அதுக்காவ ஸ்லோ பண்ணுதான். வலது காலு பிரேக்குல, சரி. எடது காலு எங்க வந்துச்சு தெரியுமா? அதுவும் பிரேக்குல! கிளட்சுன்னு நெனச்சு அடியோட அமுக்குதான். தடால்! நாயி எந்திரிச்சு எங்களப் பாத்து ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க."

அந்த வண்டியில் இரண்டே மிதிதான். பிரேக் அகலமாக இருக்கும், இடது கால் நீட்டினால் எட்டும். இடது காலுக்கு மெதுவாக விடத் தெரியும், மெதுவாக மிதிக்கத் தெரியாது. முப்பது வருஷமும் அடிவரைக்கும் மிதித்த கால் அது. வண்டியை நிறுத்த நினைத்த மாத்திரத்தில் யாரையும் கேட்காமல் அது தானே வந்து நிற்கும். வாஹித் திட்டிப் பார்த்தான், தொடையில் தட்டிப் பார்த்தான், துண்டை எடுத்து சீட்டோடு கட்டியும் பார்த்தான். கட்டிய கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கட்டை அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை மிதித்ததில் இடது செருப்பின் வார் அறுந்தது. ஏற்கெனவே தேய்ந்த செருப்புதானே. அதைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஓட்டினான். அப்போதுதான் அந்த அதிசயம். வெறும் பாதம் காலடி விரிப்பில் பட்டுக்கொண்டு அப்படியே கிடந்தது, எழும்பவில்லை. நிறுத்தினான், எடுத்தான், திருப்பினான், மறுபடி நிறுத்தினான். எழும்பவே இல்லை.

"செருப்பு போடாட்டி ஒன் காலு வேலைக்குப் போவாது போலிருக்கேலே. ஷூ பாலிஷ் போடாம ஆபீசுக்குப் போவாத சாகிப் மாதிரி" என்றானாம் வாஹித்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதுச் செருப்பு ஜோடி வாங்கினான். வண்டி நிற்கும் இடம் வரைக்கும் இரண்டையும் போட்டுக்கொண்டு போவான். அங்கே இடதைக் கழற்றி டிக்கியில் வைத்துவிடுவான். சாயங்காலம் கீழே வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுக்கும் வரை அது அங்கேதான். நடுவில் போட்டுப் போட்டுக் கழற்றினால் கால் குழம்பிவிடும் என்பது அவன் கணக்கு.

மாட்டுங்கா வீட்டில் இரண்டு வயசாளிகள். வேங்கடசுப்ரமணியன் சார், அவர் மனைவி ஷ்யாமளா மாமி. பாலக்காட்டுப் பக்கத்து மனிதர்கள், அந்த பில்டிங்கிலேயே கல்யாணமாகி வந்து அங்கேயே கிழடானவர்கள். சாருக்கு முதுகில் பெரிய ஆபரேஷன் ஆகி உள்ளே கம்பி வைத்திருந்தது. செம்பூரில் தெரபிக்குப் போய்வர, சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனந்த் இந்த வண்டியை வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் நாளே சார் சொன்னாராம்: "எனக்கு ஸ்பீடெல்லாம் வேண்டாம். குலுங்காம கொண்டு போய் குலுங்காம கொண்டு வந்தா போறும்."

அவன் அப்படித்தான் கொண்டுபோனான். சார் ஒரு காலத்தில் தானே ஃபியட் ஓட்டி ஆபீசுக்குப் போனவர். பின்சீட்டில் இருந்துகொண்டு, "இந்த இடத்துல நான் தேர்டுக்கு மாத்திடுவேன்" என்பார். "இதுல அதுவா மாத்திக்கும் சார்" என்பான் இவன். "அது மாத்திக்கும்டா, எனக்குத்தான் மாத்திக்க வரலை" என்பார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வான், "எம்மா, காலு சும்மா கெடக்கு. சும்மா கெடக்கதும் ஒரு வேலையாத்தான் இருக்கு." வீக்கம் வடிந்தது. ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவன், ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மெல்ல மேலே ஏறிப்போனான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேலை நிலைத்தால்தான் இந்தக் கால் நிலைக்கும். வேறு இடம் எங்கே இருக்கிறது? கியர் வண்டிக்கு முட்டி ஒத்துக்கொள்ளாது. ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் தாங்களே ஓட்டிக்கொள்கிறார்கள், மீதிப் பேர் இளவட்டத்தைக் கேட்கிறார்கள்.

சாரைக் கைபிடித்துக் கூட்டிவர இவன் மாடிக்குப் போவான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஒற்றைச் செருப்பு கிடக்கும். மாமி அதை நாள்தோறும் பார்த்திருக்கிறார். பாவம், ஒன்று அறுந்துபோய் இன்னொன்று வாங்க வழியில்லாமல் இந்த மனுஷன் ஒற்றைக் காலோடு வருகிறானே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்படுவான் என்று கேட்கவும் இல்லை. வாசலில் கிடந்த அந்த ஒற்றைச் செருப்புக்கு நூல் வைத்து அளவெடுத்துக்கொண்டார்.

சாருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம் வந்தது. செம்பூரில் ஹால், வீடு முழுக்க உறவு, அனந்தும் வந்திருந்தார். காலையில் கிளம்பும் முன், வேலை செய்கிற எல்லாருக்கும் மாமி துணிமணி கொடுத்தார். இவனுக்கு மட்டும் கூடவே ஒரு பெட்டி. திறந்தால் பளபளவென்று கறுப்பு ஷூ, உள்ளே சாக்ஸ்.

"போட்டுக் காட்டுங்கோ டிரைவர் அங்கிள்!" என்று வந்தனா என்று ஒரு பெண், சாரின் தம்பி பேத்தி, கை தட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். மாமியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அளவு சரியா இருக்கான்னு பாருங்கோ, நூல் வெச்சுத்தான் அளந்தேன்" என்றார்.

என் மகன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலிலும் போட்டுக்கொண்டான். ஷூக் கயிறு கட்ட இவனுக்குத் தெரியாததால் அந்தப் பெண்தான் குனிந்து கட்டிவிட்டதாம். இறங்கிப் போய் வண்டியில் ஒன்றைக் கழற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வண்டிப் பக்கம் வந்தால் மாமி ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், அனந்த் முன்சீட்டில் ஏறிவிட்டார், நேரம் ஆகிறது என்று சடங்கு செய்து வைக்கிற வாத்தியார் போனில் சத்தம் போடுகிறார். ஒரு நாள்தானே, கவனமாக இருந்துகொள்ளலாம் என்று எடுத்துவிட்டான்.

சயான் பாலம் வரைக்கும் கவனமாகத்தான் இருந்தான். பாலத்தில் ஏறும்போது இடது பக்கமிருந்து ஒரு பைக் மூக்குக்கு முன்னால் புகுந்தது. வலது கால் பிரேக்குக்குப் போனது. இடது காலும் போனது. ஷூ போட்ட கால், அடிவரைக்கும். வண்டி குப்புற விழுகிற மாதிரி நின்றது. பின்சீட்டில் சார் "அம்மா!" என்று கத்தினார்.

"என்ன பண்றே நீ?" என்றார் அனந்த். "உனக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியுமா தெரியாதா?"

"தப்பு என் பேர்ல சார்" என்றான்.

சடங்கெல்லாம் முடியும்வரை சார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் எழ முடியவில்லை. அனந்த் போன் செய்தார். "இனிமே வர வேண்டாம். கியர்ப் பழக்கம் ஒட்டிண்டு இருக்கறவா சரிப்படாது. ஆட்டோமேட்டிக்லயே கத்துண்ட ஆளா பார்த்துக்கறோம்." அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். அப்பன் முதுகு அது.

எங்களிடம் லீவு என்றுதான் சொன்னான். ஷூப் பெட்டியை என் கோணிப்பையின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். லீவு நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் மாரிக்கண்ணனுக்குப் பதிலாக டெம்போ ஓட்டப் போனான். சாயங்காலம் இரண்டு பேர் அவனைக் கையில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்து பாயில் விட்டார்கள். மாரிக்கண்ணன் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. "ஆத்தா, இனிமே கேட்டா நான் சாவி குடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மறுபடியும் மனைவி மேலே, அவன் கீழே.

பிறகு அந்த வண்டி காரேஜுக்குப் போனபோது நடந்ததைக் கேள்விப்பட்டு, வாஹித் வந்து கேட்ட கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது.

"சொல்லிருக்க வேண்டியதுதானேலே? ஷூ போட்டதாலதான் அப்படி ஆச்சுன்னு?"

"யாருட்ட சொல்ல? மாமிகிட்டயா? நீங்க ஆசையா குடுத்த ஷூவாலதான் சாருக்கு முதுகு போச்சுன்னா? அத கேட்டுட்டு அந்த அம்மா எப்படி ஒறங்கும்?"

"அப்ப நீ ஒறங்காம கெட."

"எம்மா, நீயும் போயி எதுவும் பேசப்படாது. சொல்லிட்டேன்" என்று என் பக்கம் திரும்பினான். நான் சரி என்று சொல்லவில்லை. பேசாமல்தான் இருந்தேன். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

மறுநாள் ஷூப் பெட்டியை இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு பஸ்சில் போர்டு படிக்கத் தெரியாது, நடையே நல்லது. லேபர் கேம்ப் வழியாகப் போய், மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அந்த அம்மா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கால்தான் வலித்தது.

மாமியே கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏன் திருப்பிக் கொண்டு வந்துட்டேள்? காலுக்குச் சேரலையா?"

"நல்லா சேந்துச்சும்மா. அதான் சிக்கலாப் போச்சு" என்றேன். சொன்னேன். வடாலாவில் வார் அறுந்தது, டிக்கியில் இருக்கும் இடது செருப்பு, எல்லாம். கேட்கக் கேட்க மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா அவர்?"

"ஒங்க மொகத்தப் பாத்து எப்படிம்மா சொல்லுவான்?"

"ஈஸ்வரா. நான்னா பண்ணிட்டேன்."

"நீங்க குடுத்தது தப்பில்ல. அவன் வாங்கிப் போட்டதும் தப்பில்ல. நடுவுல அந்தக் காலுன்னு ஒண்ணு கெடக்கே, அது யாரு பேச்சையும் கேக்காது. அதுக்காவ நீங்க ஏன் அழுவணும்?"

அனந்த் உள்ளேயிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, இதெல்லாம் சரி. ஒரு கால்ல செருப்பு இல்லாம இருந்தாத்தான் ஓட்ட முடியும்னா அது என்ன டிரைவிங்? நாளைக்கு மறுபடி மறந்துட்டார்னா?"

"மறக்க மாட்டான்."

"நீங்கோ எப்படிச் சொல்றேள்?"

"நான் சொல்லுதேன்" என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது.

அப்போது உள் அறைக் கட்டிலிலிருந்து சாரின் குரல் வந்தது.

"அனந்த், அன்னிக்கு அந்த பைக் வந்தப்போ என் இடது கால் என்ன பண்ணித்து தெரியுமா? உன் சீட்டை ஓங்கி மிதிச்சுது."

"அப்பா, சும்மா இருங்கோ."

"சும்மாத்தான் இருக்கேன். வண்டி ஓட்டறத விட்டு எத்தனை வருஷம் ஆச்சு எனக்கு? இன்னும் பின்னாடி உட்கார்ந்துண்டு சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் மிதிக்கறேன். முதுகு பிடிச்சுண்டது அவன் போட்ட பிரேக்காலயா, நான் மிதிச்ச மிதியாலயான்னு எனக்கே தெரியலை. நாளைக்குத் தெரபிக்கு அவன் ஓட்டட்டும். நீ முன்னாடி உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காதே, அவன் காலைப் பாரு."

"நானும் வாரேன்" என்றேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

இத்தனை வருஷத்தில் என் மகன் ஓட்டும் வண்டியில் நான் ஏறியதே இல்லை. டாக்ஸி சவாரிக்கு, டெம்போ சரக்குக்கு, பில்டர் வண்டி பில்டருக்கு. மறுநாள் பின்சீட்டில் சாரும் நானும். மாமி வரவில்லை, சாமி முன் உட்கார்ந்துவிட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. பேசக்கூடாது என்று சொல்லியும் போனேன் அல்லவா. இடது செருப்பை டிக்கியில் வைத்தான். ஏறி உட்கார்ந்தான். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி அந்தக் காலைப் பார்த்தேன். வெடிப்பு விழுந்த, வெளுத்த பாதம். விரிப்பில் கிடந்தது.

சயான் பாலம். ஏற்றம். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. அந்தப் பாதத்தின் விரல்கள் ஐந்தும் பறவைக் கால் மாதிரி சுருண்டு விரிப்பைக் கவ்வின. குதிகால் நடுங்கியது. ஆனால் பாதம் எழும்பவில்லை. வலது கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல வண்டி நின்றது.

அதே நேரம் என் பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம். சாரின் இடது கால் அனந்தின் சீட்டை மிதித்திருந்தது.

"அப்பா!" என்று திரும்பினார் அனந்த்.

"என்னடா பண்றது. அது போகாது" என்றார் சார். சிரித்தார், சிரித்ததில் முதுகு வலித்து முகத்தைச் சுளித்தார்.

அனந்த் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாலம் இறங்கிய பிறகு, "ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கோ, அப்பாவுக்குக் குளிரும்" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் வா என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளும் போனான்.

இப்போதும் போகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் தெரியாது. தேய்ந்த முட்டி வளர்ந்தா வரும்? மழைக்காலத்தில் வீங்கத்தான் செய்கிறது. மேற்கொண்டு கெடாமல் இருக்கிறது, அதுதான் லாபம். ஏணியில் பிடித்துப் பிடித்து ஏறுகிறான். சாருக்கும் வயசாகிறது, அந்த வேலை எத்தனை நாளைக்கு என்று அவனும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஷூவை மாமி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. டோம்பிவிலியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் தமிழ்செல்வன் அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் மிதிபட்டு ஆபீசுக்குப் போகிறான்.

இன்னொன்று. இப்போது அவனுக்கு வலது செருப்புதான் முதலில் தேய்கிறது. இடது அப்படியே புதிதாக இருக்கிறது. போன மாதம் வலது அறுந்தபோது, கோணிப்பையை அவிழ்த்து, அளவான வலது ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இடது கறுப்பு, இது பழுப்பு. அதனால் என்ன? பிரேமலதா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஏறச் சோம்பல்பட்டு, என் பக்கத்திலேயே படுத்துவிடுவான். களைப்பு. படுத்த உடனே குறட்டை. கொஞ்ச நேரத்தில் அந்த இடது கால் தானாக நீளும். கால்மாட்டில் இருக்கும் தகரப்பெட்டியை அடிவரைக்கும் ஒரு அமுக்கு அமுக்கும், பிறகு மெல்ல மெல்ல விடும். மறுபடி ஒரு அமுக்கு. எந்த ரோட்டில் போகிறானோ, எந்த சிக்னலில் நிற்கிறானோ. முதலில் எல்லாம் பெட்டியை நகர்த்தி வைப்பேன். இப்போது நகர்த்துவதில்லை. மிதிக்கட்டும். அங்கே யாருக்கும் முதுகு வலிக்காது.